ஜூனில் போனால் புழுதிதான், அப்புறம் எப்போது போவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிங்கப்பூரில் செங்காங்கில் குடியிருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். கணவருக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பிள்ளைகள் தொடக்கநிலை மூன்றிலும் ஐந்திலும் படிக்கிறார்கள். மாமியார் இப்போது இவர்களோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு ஜூன் விடுமுறைக்கும் ஊருக்குப் போகிறார்கள். பிள்ளைகளோ மின்விசிறிக்கு அடியில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். "பச்சை வயல், வாய்க்கால், கோயில் திருவிழா என்று அத்தை சொல்வதில் ஒன்றையும் அதுகள் பார்த்ததில்லை. இங்கே சிங்கப்பூரிலோ வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. பருவத்தின் அழகு, உறவு, சாமி, இதையெல்லாம் எப்படித்தான் காட்டுவது?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா, பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நீங்கள் போகும் மாதம்தான் சரியில்லை. காவிரி நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் ஜூன் தொடக்கம் என்பது கோடையின் வால். வயல் வெடித்துக் கிடக்கும், குளம் வற்றியிருக்கும், சித்திரை வைகாசித் திருவிழாக்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே அந்த வாரங்களில் திண்ணையை விட்டு இறங்க மாட்டார்கள். அத்தை சொல்லும் ஊர் கார்த்திகை மார்கழியிலும் தையிலும் இருக்கும் ஊர். தை மாதம் நமக்குக் கிடைக்காது. ஜனவரி முதல் வாரத்திலேயே பள்ளி திறந்துவிடுவதால், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பொங்கல் என்பது பெரும்பாலும் வீடியோ அழைப்புதான். ஆனால் நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் முடியும் வரை ஆறு வார விடுமுறை இருக்கிறதே, அதை ஏன் விடுகிறீர்கள்?

டிசம்பரில் அந்தப் பக்கம் சம்பாப் பயிர் இடுப்பளவு நிற்கும். முன்பின் விதைத்ததைப் பொறுத்து ஒரு வயல் கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் பொதிப்பருவத்தில் இருக்கும், அடுத்த வயலில் கதிர் வெளியே வந்து பால் பிடித்திருக்கும். பெரிய பிள்ளையை வரப்பில் உட்காரவைத்து ஒரு கதிரிலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தச் சொல்லுங்கள். வெள்ளையாகப் பால் வரும். அதைத் தொட்டு நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. இன்னும் சில வாரத்தில் இதுதான் அரிசியாக இறுகப்போகிறது என்று சொன்னால் போதும், வேறு பாடம் வேண்டாம். சோற்றை மூட்டையாக மட்டுமே பார்த்த பிள்ளைக்கு அந்த ஒரு சொட்டு பெரிய விஷயம். மணியைக் கிள்ளுவதற்கு முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வயலாகவே இருந்தாலும் கேட்பதுதான் முறை.

கார்த்திகை தீபம் பெரும்பாலும் இந்த விடுமுறைக்குள் விழும். திருவண்ணாமலைக்கெல்லாம் கூட்டத்தில் போய் அல்லாட வேண்டாம், உங்கள் ஊர்க் கோயில் வாசலே போதும். பல கிராமங்களில் இன்னும் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். நடுவில் ஒரு மரத்தை நட்டு, காய்ந்த பனையோலையைச் சுற்றிக் கட்டி, சாமிக்குத் தீபாராதனை ஆனதும் தீ வைப்பார்கள். படபடவென்று வெடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே தீ எழும். கரிந்த துண்டை எடுத்துப்போய் வயலில் போடுகிறவர்களும் உண்டு.

அதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது மாவளி. இதை அத்தையிடம் கேளுங்கள், கண் விரிந்துவிடும். ஆண்பனையின் காய்ந்த பூந்தண்டைக் குழியில் போட்டு மூட்டம் வைத்துக் கரியாக்கி, அதைப் பொடித்து, பழைய துணியில் சுருட்டி இறுகக் கட்டுவார்கள். அதைப் பிளந்த பனைமட்டைக்கு நடுவே செருகிக் கயிறு போட்டு, முனையில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால் பொறி வட்டவட்டமாகச் சிதறும். கடையில் விற்கும் மத்தாப்பு அதற்குப் பக்கத்தில் நிற்காது. முக்கியமாக, மாவளியைத் தீபத்தன்று காலையில் போய் வாங்க முடியாது. பூந்தண்டு பொறுக்குவதிலிருந்து கரி சுடுவது வரை சில நாள் வேலை இருக்கிறது. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோடு சேர்ந்து உங்கள் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தால், உறவு என்பதை நீங்கள் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "இது உன் அத்தான், இது உன் மச்சினன், வணக்கம் சொல்லு" என்று வரிசையில் நிறுத்துவதால் ஒன்றும் ஒட்டாது. கையில் கரி அப்பிக்கொண்டால் ஒட்டும்.

இன்னொன்று, மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் வடுவூர் இருக்கிறது. அந்த ஊர் ஏரி பறவைகள் சரணாலயம். 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீரும் பறவையும் நிறைந்திருக்கும். அதே ஊரில்தான் கோதண்டராமர் கோயில். அந்த ராமரின் முகத்தழகைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள். காலையில் ஏரி, அப்புறம் கோயில், திரும்பும்போது வழியில் ஒரு காபி. மாமியாருக்கும் அலைச்சல் இல்லாத அரைநாள். இன்னும் கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் கோடியக்கரை. சைபீரியா, மத்திய ஆசியா என்று எங்கிருந்தோ வந்த கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே சேற்றில் மேயும். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, டிசம்பரில் உங்களுக்கோ கணவருக்கோ விடுப்பு கிடைக்கவில்லை, ஜூன்தான் என்றால்? அப்போதும் ஒரு வழி உண்டு. பயணத்தை ஜூன் தொடக்கத்தில் வைக்காமல் விடுமுறையின் கடைசிப் பகுதிக்குத் தள்ளுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அணையில் நீர் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் தள்ளிப்போகும், ஆகவே கிளம்புமுன் செய்தியைப் பாருங்கள். திறந்த நீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து கடைமடைக்கு வர மேலும் பல நாளாகும். உங்கள் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று அங்கே இருக்கும் மாமாவிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருங்கள். முதல் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? நீர் முதலில் தெரியாது. சருகும் நுரையும் குச்சியும் உருண்டுகொண்டு வரும், அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு விரல் உயரத்துக்கு நீர். வெடிப்புக்குள் இறங்கிக் கொப்புளம் விடும், நின்று யோசிப்பது மாதிரி தேங்கும், பிறகு நகரும். பொந்துகளிலிருந்து பூச்சிகள் வெளியே ஓட, அவற்றைப் பிடிக்கக் கொக்குகள் கூடவே நடக்கும். பிள்ளைகள் அந்த நீரின் முனையோடு வாய்க்கால் ஓரமாகவே நடந்துபோகலாம், அவ்வளவு மெதுவாகத்தான் வரும். கும்பிட்டு ஒரு கை பூவை அதில் போடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அத்தை அங்கே நின்றால் அவரும் போடுவார் என்றே நினைக்கிறேன். பக்திக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். "வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை" என்பதை நான் ஒப்ப மாட்டேன். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், ஏறத்தாழ 1.3 பாகையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் நேரம் சுமார் 10 நிமிடம்தான் கூடிக் குறைகிறது, அது உண்மை. ஆனால் காற்று மாறுகிறது. ஊரில் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றின் மழைப்பட்டை தெற்கே இறங்க இறங்க, நமக்குக் கார்த்திகை மார்கழியில் கொட்டுகிறது. இங்கே அதிக மழை பெய்யும் மாதம் டிசம்பர், குறைவாகப் பெய்வது பிப்ரவரி. டிசம்பர் ஜனவரியில் சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் தூறி வெப்பம் 22, 23 பாகைக்கு இறங்கும். அதுதான் நம் வாடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அந்த மாதங்களில் விடிவதற்கு முன் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று ஒரு காற்றுமழை அடித்து, மாடியில் காயும் துணியையெல்லாம் கழற்றிக்கொண்டு போகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அதுதான் நேரம்.

மரங்களும் இதைக் கேட்டுத்தான் பூக்கின்றன. பிப்ரவரி வறட்சிக்குப் பிறகு ஒரு நல்ல மழை பெய்தால், மார்ச் ஏப்ரலில் விரைவுச்சாலை ஓரத்து டிரம்பெட் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தள்ளும். ஆகஸ்ட் செப்டம்பரில் இன்னொரு சுற்று. சில நாள்தான், உதிர்ந்துவிடும். அங்சானா மரம் நம் வேங்கையின் பங்காளி, ஒரே பேரினம். அதன் மஞ்சள் பூ ஒரு நாள்தான், மறுநாள் நடைபாதை முழுவதும் மஞ்சள் விரிப்பு. குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கை பூத்தால் தினை விளைந்தது, கல்யாணம் பேச வேண்டிய காலம் என்று வரும். அதை அந்த மரத்தடியில் வைத்துச் சொன்னால் உயர்நிலைப் பள்ளியில் பாடமாகப் படிக்கும்போது மனதில் நிற்கும். உங்கள் புளோக்குக்குக் கீழே நிற்கும் பெரிய குடைமரம் அநேகமாகத் தூங்குமூஞ்சி மரம். மாலையில் இலை மடிப்பதைப் பார்க்கச் சின்னவனை அனுப்புங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது புறா ஆர்க்கிட். இந்த மண்ணில் இயல்பாகவே வளரும் சிறிய வெள்ளை ஆர்க்கிட் பூ, பழைய மரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும். பூக்காதபோது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெருமழை அடித்து வெப்பம் சட்டென்று ஐந்தாறு பாகை குறைந்தால் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். சரியாக ஒன்பதாவது நாள் அந்த வட்டாரத்திலுள்ள செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூக்கும், வாசனை கீழே நிற்பவருக்கும் வரும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். மழை அடித்த நாளில் நாட்காட்டியில் பெரிய பிள்ளையை ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள், ஒன்பது நாள் தள்ளி இன்னொரு வட்டம். அன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் நிமிர்ந்து பார்க்கட்டும். பறிக்கச் சொல்லாதீர்கள். பொது இடத்து மரம், செடி எதிலும் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது, அபராதம் உண்டு.

கோடியக்கரைப் பறவைகளைப் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னேனே. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனால் அதே குடும்பத்துப் பறவைகளைப் பார்க்கலாம். கோடியக்கரைக்கு வருபவை மத்திய ஆசிய வழியில் வருகின்றன, இங்கே வருபவை கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலிய வழியில். வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்பும் கூட்டத்தில் ஒரு பகுதி நம் ஊருக்கு, ஒரு பகுதி இங்கே. தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில் அவை மேயும், ஓதம் ஏறியிருந்தால் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். நான் அங்கே தொண்டூழியம் செய்கிறேன். தாத்தா பாட்டியோடு வரும் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு மட்டும் வருபவர்களைவிட அதிக நேரம் நிற்பதைக் கவனித்திருக்கிறேன். பாட்டிமார் அவசரப்படுத்துவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

கிராமம் பார்க்க வேண்டுமென்றால் புலாவ் உபின் தீவு. சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், அந்தக் காத்திருப்பே கொஞ்சம் கிராமத்தனமாக இருக்கும். லோரோங் புவாங்கோக் கம்பத்துக்கும், அதாவது அங்கே மிஞ்சியிருக்கும் பழைய கிராமத்துக்கும், ஆட்கள் போகிறார்கள். அது காட்சிக்கூடம் இல்லை, குடித்தனம் நடக்கும் இடம். வாசலில் நின்று படம் எடுப்பதற்காகப் போவதை நான் விரும்புவதில்லை.

ஆனால் இடங்களைச் சுற்றிக் காட்டுவதால் மட்டும் பருவம் வந்துவிடாது. நம் சிக்கல் வேறு. தேக்காச் சந்தையில் எல்லாப் பொருளும் எல்லா நாளும் கிடைக்கிறது. எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் பருவம் அழகாக இருந்ததற்கு முக்கால் காரணம் அது வரும்வரை அந்தப் பொருள் இல்லாமல் இருந்ததுதான். ஆகவே வீட்டில் சிலவற்றை வேண்டுமென்றே தள்ளி வையுங்கள். கரும்பு பொங்கலுக்குத்தான், இடையில் சாறுகூட வேண்டாம். வேப்பம்பூப் பச்சடி சித்திரை முதல் நாள் மட்டும். பங்கனப்பள்ளி ஏப்ரல் மே மாதங்களில் வரும்போது முதல் பழம் சாமிக்கு, அப்புறம் நமக்கு. வேறு மாதத்தில் வேறு எந்த நாட்டு மாம்பழம் வந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். கூழ் ஆடி வெள்ளிக்கு. வடகம் பிப்ரவரியில் பிழியட்டும், அப்போதுதான் இங்கே நம்பகமான வெயில். வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னல் விளிம்பில் எதையும் வைக்காமல், வீட்டுக்குள் வெயில் விழும் இடத்தில் தட்டை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், அது பிள்ளைகளின் வேலை. இதற்கெல்லாம் தலைவி அத்தைதான். எது எப்போது என்று அவர் சொல்லட்டும், நீங்கள் நடுவில் பேசாதீர்கள். மருமகள் வீட்டில் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று மனதுக்குள் அரிக்கும் அவருக்கும் இது மருந்து.

கோயில் விஷயத்திலும் இதே கணக்கு. வெறும் பார்வையாளராகப் போனால் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும், சரிதானே? வேலையாகப் போனால் வலிக்காது. புரட்டாசிச் சனிக்கிழமை சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் கூட்டம் நெரியும். அன்னதானத்துக்குக் காய் நறுக்க, தண்ணீர் ஊற்ற என்று கோயில்களில் எப்போதும் கை தேவை, கேட்டுப் பாருங்கள். ஐப்பசியை ஒட்டி, தீபாவளிக்குச் சில நாள் முன்பு சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதி. பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில். அந்தக் கோயில் என் சிறுபிராயத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்துப் பக்கம் மரத்தடியில் இருந்தது. தளத்தில் வேலை செய்த நம் ஆட்கள் கூடிக் கும்பிட்டார்கள். குவீன்ஸ்டவுன் முனீஸ்வரர் இரயில் பாதைத் தொழிலாளர்கள் வைத்த சாமி. ஊர் எல்லைச் சாமியைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். உங்கள் குலதெய்வம் முனியாகவோ அய்யனாராகவோ இருந்தால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மார்கழி இங்கே வசதி. டிசம்பர் நடுவில் தொடங்குகிறது, பள்ளி கிடையாது, விடிவதற்கு ஏழு மணி ஆகும். ஆறு மணிக்கு எழுந்தாலே இருட்டில் எழுந்த பெருமை கிடைத்துவிடும். தாழ்வாரத்தில் பச்சரிசி மாவில் ஒரு சின்னக் கோலம், திருப்பாவையிலோ திருவெம்பாவையிலோ அன்றைக்கு ஒரு பாட்டு, போதும். முப்பதையும் மனப்பாடம் செய்ய வைத்துப் பரிசு கொடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம். அண்டைவீட்டில் மலாய்க்காரரோ சீனரோ இருந்தால் கோலம் ஏன் என்று கேட்பார்கள், சின்னவனே பதில் சொல்லட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கிராமம் என்றால் எல்லாம் இனிப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், யார் வீட்டுத் திண்ணைவரை வருகிறார்கள், யார் வாசலோடு நிற்கிறார்கள் என்பதைத் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பிள்ளை கவனிக்கும், கேட்கும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். களையெடுக்கும் பெண்களிடம் பேரையும் கூலியையும் கேட்டுப் பேசவிடுங்கள்.

கடைசியாக நடைமுறை. டிசம்பர் என்றால் புயலும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, அந்த வட்டாரத்துத் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்டது உங்கள் கணவருக்கு நன்றாகவே நினைவிருக்கும். அதனால் தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக எடுங்கள். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, சுமார் நான்கு மணி நேரம். பள்ளி விடுமுறையில் விலை ஏறும், ஜூலை ஆகஸ்டிலேயே பார்த்து வைப்பது நல்லது. கார்த்திகை தீபம் எந்தத் தேதியில் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு அதற்கு நாலைந்து நாள் முன்னால் போய்ச் சேருங்கள், மாவளிக்குக் கரி சுட வேண்டுமே. கொசுவத்தியும் ரப்பர் செருப்பும் கொண்டு போங்கள். வரப்பில் நல்ல காலணி தேறாது.